மல்லிகா அக்காவும் ஓமலூர் மணப்பெண்ணின் கழுத்தும்

நாமக்கல்லில் என் பார்லரைத் திறந்து சாமி விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மல்லிகா அக்கா நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. செல்போனைக் குனிந்துதான் படித்தேன். அக்கா பார்த்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார். இரங்கல்களுக்கு நடுவே ஒருவர், "தங்கமானவங்க. ஓமலூர் கல்யாணத்துலதான் கொஞ்சம் பேரு கெட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தார். அதனால்தான் அக்காவைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

சேலம் சூரமங்கலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்பது வருடம் பார்லர் நடத்தினோம். அக்கா திருச்செங்கோட்டுக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தலைக்கு அடித்த டை காயும்வரை வருகிறவர்கள் மடியில் செல்போனை வைத்துக் குனிந்துகிடப்பார்கள். அக்கா கண்ணாடிச் சட்டத்தில், கண்ணுக்கு நேராக, ஒரு பழைய சோப்பு டப்பாவை ஆணியடித்து வைத்திருந்தார். செல்போனை வாங்கி அதில் நிறுத்திவிடுவார். "ஏனுங்க, மேச்சேரி ஆடாட்டம் நாளெல்லாம் குனிஞ்சே இருக்கறீங்களே. அதுக்காச்சும் வகுறு நெறையுது" என்பார். சிரித்துக்கொண்டே நிமிர்வார்கள்.

ஓமலூரிலிருந்து ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டிவந்தார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. வீட்டிலேயே லேப்டாப்பில் குனிந்தபடி வேலை. அந்தச் சின்ன வயதிலேயே கழுத்தில் மூன்று கோடுகள். கோட்டை அழிக்கிற கிரீம் கேட்டார் அம்மா. நான் அலமாரியைத் திறந்தேன், அக்கா மூடினார்.

"இருக்கற கோட்டை அழிச்சுத் தாரேன்னு பொய் சொல்ல மாட்டேனுங்க. மேல ஆழமாகாமப் பாத்துக்கலாம். லேப்டாப்பை ஒரு பெட்டி மேல ஒசத்தி வைங்க. மூஞ்சிக்குப் பூசற கிரீமு, வெயில் கிரீமு ரெண்டையும் கழுத்து வரைக்கும் இழுத்துப் பூசோணும்."

கல்யாணத்தன்று விடிகாலையில் அக்கா பெண்ணின் நாத்தனாருக்குப் புடவை கட்டப் போனார். மணப்பெண்ணின் மேக்கப் என் பொறுப்பு. "கழுத்துக்கு லேசாப் போடு, தாலி ஏர்றப்பக் குனிவா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்கவில்லை. கோடு தெரியக் கூடாதென்று அப்பி வைத்தேன். மேடைக்குப் போகுமுன் மாலை போட்டுக்கொள்ள அவள் குனிந்ததும் பூச்சு கோட்டோடு கோடாக வெடித்து வெள்ளைவெள்ளையாகத் தெரிந்தது. பெண் அழுதுவிட்டாள். "யாரு போட்டது இது?" என்று அம்மா கத்தினார். நான் பிரஷ்ஷைப் பைக்குள் தள்ளினேன்.

உள்ளே வந்த அக்கா, "நாந்தானுங்க, எங் கைத் தப்பு" என்றார். ஈரப் பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்து, மெல்லியதாக ஒரு பூச்சு மட்டும் போட்டார். "கோடு இருந்தா இருந்துட்டுப் போவுது சாமி, நீ அழுவாத" என்று அவள் தாடையைத் தூக்கிவிட்டார். முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பக்கத்துக் கல்யாண வேலை அப்புறம் அவருக்கு வரவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில், "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ இப்பத்தான் பேரெடுக்கற. எம் பேருல ஒரு கோடு உழுந்தாத் தாங்கும்."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். பிறகு நாமக்கல்லில் நான் தனியாகப் போட்ட கடைக்குக் கூட்டம் வர வர, பயமும் கூடியது. வெட்கமாக இருக்கிறது.

என் கண்ணாடிச் சட்டத்திலும் ஒரு சோப்பு டப்பா உண்டு. செல்போனை அதில் நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து இதை எழுதி, அதே குழுவில் போடுகிறேன். ஓமலூர்ப் பெண்ணுக்கு அன்று மேக்கப் போட்டது மல்லிகா அக்கா இல்லை. நான்.