கதவுக்கடியில் வராத பேப்பர்

மதுரை காளவாசலில் மாதாமாதம் நான் தங்கும் லாட்ஜில் இன்று காலை கதவுக்கடியில் பேப்பர் வரவில்லை.

பக்கத்து அறைக்காரர் சுருட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கதவருகே குனிந்துகூடப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

ரிசப்ஷனில் போய்க் கேட்டேன்.

"நிப்பாட்டியாச்சுண்ணே. யாரு படிக்கிறா? இந்தா, இந்த அட்டைய ஸ்கேன் பண்ணுங்க. அம்புட்டுப் பேப்பரும் போன்லயே வரும். ஃப்ரீதாண்ணே, எல்லாமே ஃப்ரீ" என்றார் அங்கிருந்த அண்ணன்.

ஃப்ரீ என்று இரண்டு தடவை சொன்னதுமே எனக்கு லேசாக உறுத்தியது.

அங்கேயே நின்று ஸ்கேன் செய்தேன். போன் நம்பர் கேட்டது. பிறந்த தேதி கேட்டது. பிறகு நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்க அனுமதி கேட்டது. உங்கள் லாட்ஜில்தானய்யா நிற்கிறேன்! ஒரு செய்திகூட இன்னும் வந்தபாடில்லை.

இத்தனை வருடமாகக் கதவுக்கடியில் வந்த பேப்பர் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

நிமிர்ந்து பார்த்தால், அந்த அண்ணன் இன்றைய பேப்பரை மடியில் விரித்துவைத்து நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏண்ணே, நீங்க போன்ல படிக்கலையா?"

"அது நம்பரெல்லாம் கேக்குதுண்ணே. நமக்கெதுக்கு வம்பு? இது வாரப்ப கடையில வாங்குனது."

நான் ஸ்கேன் பண்ணிய பக்கத்தை மூடிவிட்டு, அவரிடம் நடுப்பக்கத்தை மட்டும் வாங்கிப் படித்தேன்.

இன்னும் கதவுக்கடியில் பேப்பர் போடுகிற லாட்ஜ் மதுரையில் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். சத்தியமாக உங்கள் நம்பரைக் கேட்க மாட்டேன்.