கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கியவன்

அந்த டைனமோ இப்போதும் எங்கள் வீட்டு அலுமாரித் தட்டில், அம்மாவின் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கை எரிய வைக்கும் சாதாரண டைனமோதான். வீட்டுக்கு வருகிற யாராவது அதை எடுத்துப் பார்த்து, "இதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டால், "சும்மா கிடக்கட்டும்" என்று சொல்லி வாங்கி வைத்துவிடுவேன். ஒரு சினிமாப் படத்தின் ஞாபகமாக வைத்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

அது அண்ணையுடையது. சண்டையால் குடாநாட்டில் மின்சாரமும் ரயிலும் இல்லாத வருடங்கள் அவை, பற்றரிக்கும் தட்டுப்பாடு. காலமாகிப்போன எங்கள் ஐயாவின் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, தன் சைக்கிளிலிருந்து கழற்றிய டைனமோவை அதில் பூட்டி, வயரை றேடியோவுக்கு இழுத்துக் கொடுத்தான் அண்ணை. கையால் பெடலைச் சுற்றினால் றேடியோ பாடும், கசெற்றும் ஓடும். ஒரு பின்னேரம் முழுக்க என்னைச் சுற்ற வைத்துப் பாட்டுக் கேட்டான். மறுநாள் காலை அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அவன் போன சைக்கிளும் வரவில்லை. அன்று பொழுதுபட்டபோது அம்மா வாசல் படலையில் நின்று, "டைனமோவைக் கழட்டி வைச்சிட்டெல்லோ போயிட்டான். வெளிச்சமில்லாமல் எப்பிடி வரப்போறான்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்கு வேறு எந்தப் பயமும் இல்லை என்றே நினைத்தேன்.

விசாரிக்க வேண்டிய இடமெல்லாம் விசாரித்தாயிற்று. எங்குமே பதில் இல்லை. அம்மா சமைத்தார், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனார், ஆனால் எங்களோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டார். ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்துகொண்டு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருப்பது எப்படி என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் அக்கா, தோழி வீட்டிலிருந்து இரண்டு கசெற்றுகளை வாங்கி வந்தாள். ஒரு படத்தின் கதைவசனம் முழுவதும் பதிந்தவை. அம்மா மிஷன் குடும்பத்தில் பிறந்தவர். படக்கொட்டகையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அக்காவோ கரண்ட் இருந்த காலத்தில் தோழி வீட்டு வீடியோ டெக்கில் அந்தப் படத்தைக் களவாகப் பார்த்திருந்தாள். "படம் பாக்கிறதுதானே அம்மா பாவம். கேக்கிறதுக்கு வேதத்திலை ஒரு தடையும் இல்லை" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெடல் சுற்றுவது என் வேலை. கை களைத்தால் கதாநாயகன் குரல் தடித்து, மாடு கத்துவது போலாகிவிடும். அக்கா தலையில் குட்டுவாள். கதை பெரிய கதையில்லை. வேலை தேடிப் போன மகனுக்காக ஒரு தாய் தினமும் ரயில் ஸ்ரேஷனுக்குப் போய்க் காத்திருப்பாள். கடைசியில் வசனமே இல்லாத ஒரு நீண்ட பகுதி வரும். ரயில் வந்து நிற்கும் சத்தம், ஒரு வயலின், பிறகு ரயில் புறப்படும் சத்தம். அவ்வளவுதான். முதல் நாள் அந்த இடத்தில் அம்மா, எத்தனையோ நாளுக்குப் பிறகு, வாயைத் திறந்து, "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்டார்.

அக்கா படலைப் பக்கம் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். எல்லாரும் இறங்கிப் போகினம். மனிசி எழும்பப் பாக்கிறா. அப்ப கடைசிப் பெட்டியிலை இருந்து ஒராள் இறங்குறான். மெலிஞ்சு போனான். செருப்பைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு வாறான். தாய் ஓடேல்லை. நிண்ட இடத்திலையே நிக்கிறா. அவன்தான் கிட்ட வாறான்.

அம்மா அழுதார். அதன்பின் எங்களோடு கதைக்கவும் தொடங்கினார். பல ஞாயிறுகள் அந்தப் படத்தைக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் அம்மா அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்பார். அக்கா ஒரு சொல் மாறாமல் சொல்லுவாள். அதுவரை நான் ரயிலைக் கிட்ட நின்று கண்டதில்லை. இருந்தும் அந்தக் கடைசிப் பெட்டி எனக்குத் தெரியும். காங்கேசன்துறை வரை மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தெல்லிப்பழை ஸ்ரேஷனைக் கடக்கும்போது ரயில் நின்றால் நானும் நிற்கிறேன். கடைசிப் பெட்டியிலிருந்து எல்லாரும் இறங்கி முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் போவேன். ஐம்பதை நெருங்கும் மனிசி செய்கிற வேலையா இது என்று எனக்கே வெட்கமாக இருக்கும். வெட்கத்தோடு மறுநாளும் நிற்பேன்.

போன வருடம் அக்கா நோயில் படுத்து, மூன்று மாதத்தில் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு, அவள் ஞாபகமாக அந்தப் படத்தைப் போனில் தேடி எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். அந்தக் கடைசி இடம் வந்தது. மங்கலான ஸ்ரேஷன். ரயில் நின்றது. எல்லாரும் இறங்கிப் போனார்கள். தாய் எழுந்தாள். கடைசிப் பெட்டியிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. ரயில் போனது. அவள் மகனுக்கென்று கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்த்து, அங்கே படுத்திருந்த நாய்க்கு வைத்துவிட்டு, இருட்டில் நடந்து போனாள். படம் முடிந்தது.

வெட்டிய பிரதியாக்கும் என்று வேறு இடங்களிலும் தேடிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நாய்தான் இருந்தது. கள்ளி, எத்தனை வருடம் ஏமாற்றினாய் என்று அக்கா மீது கோபம் வந்தது. கோபம் அடங்கிய பிறகுதான் செருப்பு நினைவுக்கு வந்தது. படத்தில் அந்த மகன் முதலிலிருந்து சப்பாத்துத்தான் போட்டிருக்கிறான். மழைக்குச் செம்மண் ஒட்டுகிறதென்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவன் எங்கள் அண்ணை. வீட்டுக்கு வரும் ஒழுங்கை முனையில் அவனை நாங்கள் அடையாளம் கண்டதே அப்படித்தான். அதைப் பத்து வயதில் நான் கவனிக்கவில்லை. அம்மா கவனிக்காமலா இருந்திருப்பார்? கேட்க அக்காவும் இல்லை, அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது பார்வை அநேகமாக இல்லை. போன மாதம் ஒரு மழைப் பின்னேரம் அவராகவே கேட்டார்: "பிள்ளை, அந்தப் படம் உன்ரை போனிலை வருமோ?" இல்லை என்று சொல்லியிருக்கலாம். படத்தைத் தேடிப் போட்டேன். அம்மா தடவித் தடவி அலுமாரியிலிருந்து டைனமோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் சின்னத் தலையை விரலால் சுற்றிக்கொண்டே முழுப் படத்தையும் கேட்டார். வயலின் தொடங்கியது.

"இப்ப என்ன நடக்குது?"

இனி உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் நான் ஒருத்திதான். திரையில் தாய் எழும்பிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் இறங்கிப் போகினம்" என்றேன். "கடைசிப் பெட்டியிலை இருந்து..."

"கையிலை செருப்போ?" அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா. கையிலை செருப்பு."

திரையில் தாய் பொதியை அவிழ்த்து நாய்க்கு முன்னால் வைத்தாள். அம்மாவின் விரல் நின்றது.

"பொழுதுபட்டிட்டுதோ அங்கை?"

இந்தக் கேள்வியை அக்காவிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. போனைப் பார்த்தேன். இருட்டு, அதற்குள் நடந்து போகும் ஒரு முதுகு.

"இல்லை அம்மா," என்றேன், "நல்ல வெளிச்சம்."