ஏறு பிள்ளை

பதினைந்து வயதில் நான் உரும்பிராயிலிருந்து மருதனார்மடத்துக்கு ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் போனேன். பின் கரியரில் ஒரு சிநேகிதனையும் ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் மிதித்த அந்தக் கதையை மகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொன்ன நேரமெல்லாம் அவள் என் மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில்தான் இருந்தாள். "இந்தக் காலத்துப் பிள்ளையள் உடம்பை அசைக்கிறேல்லை" என்று ஹெல்மெற்றுக்குள்ளிருந்து சத்தம் போட்டபடி, பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் அவளை ஏற்றி இறக்கியவன் நான். அவள் சைக்கிள் கேட்டபோது, ரோட்டில் பஸ்காரர் பறக்கிறார்கள் என்று மறுத்தவனும் நான்தான்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மாணவர் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வெல்லுகிற எண்ணமெல்லாம் இல்லை. ஓடி முடித்தாலே இல்லத்துக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி தன்னால் வரவேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் விடிய எழும்பி வீட்டு வளவைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். முதலில் கோழிகள் திகைத்தன, பிறகு நான்.

எங்கள் பக்கத்தில் மரதன் என்றால் சனம் ரோட்டுக்கு வந்துவிடும். வீட்டுப் படலையில் வாளியோடு நின்று ஓடுகிற பிள்ளைகளின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், தோடம்பழம் வெட்டிக் கொடுப்பார்கள். தகப்பன்மார் மோட்டார் சைக்கிளில் பின்னால் போவார்கள். நானும் போனேன்.

பாதித் தூரம் நன்றாகத்தான் ஓடினாள். ரியூசனுக்குத் திரும்புகிற ஒழுங்கை முடக்கில் களைத்துப்போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தாள். வகுப்பு முடிய வழக்கமாக நான் அவளை ஏற்றுகிற இடம் அது. பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "ஏறு பிள்ளை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவளும் யோசிக்கவில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இருபது யார் தூரம்கூடப் போகவில்லை, விசில் கேட்டது. பின்னால் வந்த ஆசிரியர் மறித்து, "மோட்டார் சைக்கிளிலை ஏறின பிள்ளை இனி ஓடேலாது" என்றார். வாளியோடு நின்ற ஒரு அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். மகள் இறங்கி, நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தைக் கழற்றி என் கையில் தந்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவள் அழுதிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்:

"ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தூரம் முழுக்க ஓடப்போறன். புள்ளி இல்லாட்டிலும் பரவாயில்லை."

"நானும் வாறன்."

"வாறதெண்டால் சைக்கிளிலை வாங்கோ."

கொட்டிலில் கிடந்த என் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். ஞாயிறு காலை வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அவள் ஓட, நான் மிதித்தேன். பத்து நிமிடத்தில் முழங்கால் முறையிடத் தொடங்கியது. கதை சொன்ன வாய்க்கு மூச்சு விடவே நேரம் போதவில்லை. ரியூசன் ஒழுங்கை முடக்கில் இறங்கி நின்றுவிட்டேன்.

அதே இடத்தில் அவளுக்கும் வேகம் குறைந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, போ என்று கையைக் காட்டினேன்.

அவள் ஓடினாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன்.