மஞ்சள் தண்ணீர் குடித்த எஞ்சின்

சூடான எஞ்சின் எண்ணெயோடு மஞ்சள் கலந்தால் ஒரு வாடை வரும். அடிப்பிடித்த சாம்பாருக்கும் புதுத் தாருக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் அந்த வாடையை உலகத்தில் அதிகம் பேர் முகர்ந்திருக்க மாட்டார்கள்; மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்துக்காரர்கள் அத்தனை பேரும் முகர்ந்தார்கள், அதற்குக் காரணம் நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஒரு திடல் இருந்தது, நாங்கள் "பாடாங்" என்போம். பந்து விளையாட்டு, கல்யாணப் பந்தல், கோயில் தீமிதி எல்லாம் அங்கேதான். புல் வெட்டுவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு வருடம் வெட்டுவதை நிறுத்தினார்கள், "லாலாங்" புல் என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. வளரும்வரை காத்திருந்தது போல, ஆபீஸ் கணக்கரான கிராணி லயத்துக்கு வந்து, திடல் காடாகிச் சும்மா கிடப்பதால் தீபாவளிக்கு முன்னால் மேனேஜர் துரை வந்து பார்ப்பார் என்றும், தீபாவளி கழிந்ததும் அதில் எண்ணெய்க்கான செம்பனை நடப்போகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெட்டாமல் விட்டவர்களும் அவர்களே, வளர்ந்துவிட்டது என்று குறை சொன்னவர்களும் அவர்களே. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

லயத்தில் பலர் தலையாட்டிவிட்டுச் சோறாக்கப் போனார்கள். அம்மா போகவில்லை. அவர் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். மருந்துப் பம்பு கெட்டுப்போனால் பட்டறைக்கு அனுப்பிவிட்டுக் கைகட்டி நிற்கப் பிடிக்காமல், தானே பிரித்து மாட்டிப் பழகியவர். துரை பங்களாவுக்குப் பின்னால், புல்வெளி வெட்டுவதற்கென்று எந்தக் காலத்திலோ வாங்கிய சின்ன டிராக்டர் ஒன்று கிடந்தது. உட்கார்ந்து ஓட்டலாம், வயிற்றுக்கடியில் கத்தி சுழலும். அதன் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அம்மா நேராகக் கிராணியிடமே போய்க் கேட்டார். "தூக்கிக்கிட்டுப் போங்கம்மா, எடம் காலியாகும்," என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

துரு சுரண்டி, பெட்ரோல் தொட்டியிலிருந்த குளவிக்கூட்டை எடுத்து, புது பெல்ட் போட்டு, டயருக்கு ஒட்டுப் போட்டு, ஆயுத பூஜைக்கு முன் அம்மா அதை ஓடவைத்துவிட்டார். பாதித் திடல் வெட்டியும் ஆயிற்று. கத்தியிலிருந்து சாக்குக் கத்தரிக்கோல் வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கும் நாளில் டிராக்டரைச் சும்மா விடுவோமா? குளிப்பாட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. துடைத்து மினுக்குவதற்காக எஞ்சினின் எண்ணெய் மூடியைக் கழற்றி வைத்தேன். அதை மறந்து, சாமிக்கு ஊற்றுவது போல ஏழு குடம் மஞ்சள் தண்ணீரை உச்சியிலிருந்து ஊற்றினேன். அப்புறம் மூடியைப் பத்திரமாகத் திருகி, அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். லயமே நின்று பார்த்தது, மூடி இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்றாம் நாள் எஞ்சின் பத்து நிமிடம் ஓடியது, "டக்" என்றது, திடலின் நடுவில் நின்றது. கிளப்பும் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே எண்ணெய், ஆற்றிய பால் தேநீரான தே தாரேக் நிறத்தில் நுரைத்திருந்தது, அந்த வாடை வந்தது. என் முதுகில் ஒரு அடி விழுந்தது. "அழுவாத. ஸ்பேனர எடு," என்றார்.

கிராணி மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். "மாட்டக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டிட்டீங்களேம்மா. செத்த எஞ்சினுக்கு எதுக்கு இவ்ளோ பாடு?"

"புல்லு இருக்குன்னுதான எடம் கேக்குறீங்க," என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமலே. "தொரை வர்றப்ப புல்லு இருக்காது. நீங்களும் வந்து பாருங்க."

தீபாவளிக்கு இரண்டரை வாரம் இருந்தது. எஞ்சினைப் பிரித்தபோது, பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் அலுமினியத் துண்டு, அம்மா "கை" என்று சொன்னது, இரண்டாக உடைந்திருந்தது. அதன் உலோகம் உருகிச் சுழல்தண்டில் அப்பியிருந்தது. உடைந்த கையைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் அம்மாவும் பஸ் ஏறிச் செகிஞ்சான் போனோம். வயல் பம்புகளைப் பழுதுபார்க்கும் கடையின் சீன முதலாளி, தவ்க்கே, அதைப் பார்த்ததுமே, "புவாங் சாஜா லா," தூக்கிப் போட்டுவிடு என்றார். அம்மா நகரவில்லை. நடந்ததைத் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். தவ்க்கே கடைச் சாமியைத் திரும்பிப் பார்த்து, தானும் தினம் ஊதுபத்தி கொளுத்துவதாகவும் எஞ்சினைக் குளிப்பாட்டியதில்லை என்றும் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. சிரித்து முடித்தவர் கொல்லைப்புறக் குவியலைக் கிளறி, செத்துப்போன பம்பு எஞ்சின் ஒன்றிலிருந்து அதே அளவில் ஒரு கையைக் கழற்றிக் கொடுத்தார்.

சுழல்தண்டில் அப்பியதை எடுப்பதுதான் பெரிய வேலை. மணல் தாளைப் பட்டையாகக் கிழித்துத் தண்டில் சுற்றி, மேலே கயிறு சுற்றி, ஒரு முனையை அம்மாவும் மறு முனையை நானும் பிடித்து மோர் கடைவது போல மாற்றி மாற்றி இழுத்தோம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு அதுதான் வீட்டுப்பாடம். நான்கு நாள் கழித்துப் பூட்டினோம்; பிடித்துக்கொண்டு சுற்ற மறுத்தது. மறுபடி பிரித்து இன்னும் இரண்டு நாள் இழுத்தோம். என் உள்ளங்கை கொப்பளித்தது. அம்மா வேப்பெண்ணெய் தடவிவிட்டுக் கயிற்றைத் திரும்பக் கையில் கொடுத்தார்.

துரை வருகிற காலையில் கடைசி ஒரு பட்டை லாலாங் பாக்கி இருந்தது. "நீதான கெடுத்த, நீயே ஓட்டு," என்று அம்மா என்னை ஏற்றிவிட்டார். ஓரத்தில் செம்பனைக் கன்றுகள் ஏற்கெனவே இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜீப் வந்து நின்றபோது வேண்டுமென்றே அதன் மூக்குக்கு முன்னால் திருப்பினேன். வெட்டின புல் துரையின் சப்பாத்துக் காலில் தெறித்தது. திடல் முழுக்கப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், போய்விட்டார். மறுவாரம் கன்றுகள் லோரியில் திரும்ப ஏறின.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பல வருடம் கழித்து மொத்தமாக விற்று, லயத்தை இடித்து, திடலின் மேல் வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். போன வருடம் பார்க்கப் போனேன். வாசல் தடுப்புக் கம்பியைத் தூக்காமலே காவல்காரர் எந்த வீட்டுக்கு என்று கேட்டார், திரும்பிவிட்டேன். அம்மாவும் இல்லை. டிராக்டர் மட்டும் ரவாங்கில் என் வீட்டு முன்புறத்தில், கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. காரை நான் வெயிலில்தான் நிறுத்துகிறேன்.

ஆயுத பூஜை வந்தால், "தொடச்சாலே போதும் லா அம்மா," என்கிறாள் மகள். போதாது. எண்ணெய் மூடியை அம்மாவின் ஸ்பேனரால் இறுக்கிவிட்டு ஏழு குடமும் ஊற்றுகிறேன். திடல் எங்களை விட்டுப் போனது உண்மைதான். புல் வளர்ந்து கிடந்ததால் எடுத்தோம் என்று மட்டும் தோட்ட நிர்வாகத்தால் எழுத முடியவில்லை.