தப்புச் செய்யச் சம்பளம்

மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் ஆலைகளுக்குக் கணினிக் கட்டுப்பாடு வடிவமைக்கும் கம்பெனி ஒன்றில் ரூபிணிக்கு வேலை, தப்புச் செய்வது. போனஸ்கூட உண்டு. எங்கே கோளாறாகிறது என்று பார்க்க, மற்றவர்கள் கட்டியதில் கண்டபடி பட்டன் அமுக்குவாள், முழங்கையை ஊன்றுவாள், கையுறையோடு தட்டுவாள். சின்ன வயதில் இதற்கெல்லாம் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் புது ஏற்பாடு. பழக்குலைகளை வேகவைக்கும் பெரிய கொப்பரையின் நீராவியை வெளியே விட, தொடுதிரையில் ஒரு பட்டன். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் திறக்கும். தவறுதலாக யாரும் அவ்வளவு நேரம் அழுத்தமாட்டார்கள் என்று வடிவமைத்த நிமலுக்கு ஏகப் பெருமை. ரூபிணியும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை ஆலை ஓடும். ஏதாவது தப்பை அவள் கோட்டை விட்டிருந்தால், வெந்துபோவது கொப்பரையருகில் நிற்கிற ஆட்கள்தான். அவளுக்குப் பயமாக இருந்தது.

கையெழுத்துப் போடப் போன நாள் ஆயுத பூஜை. குலை போடாமல் வெறும் நீராவியை விட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஐயாவு சந்தனக் கிண்ணத்தோடு லோரி, தராசு, தீயணைப்பு வாளி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். தொடுதிரைக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வாரா? நட்டநடுவில் வட்டமாக ஒரு பட்டன், பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி. கெட்டியாக அப்பிவிட்டு விரலை எடுத்தார். ஈரச் சந்தனம் அப்படியே இருந்தது. திரைக்கு அதுவும் விரல்தான்.

கொப்பரை பேரிரைச்சலோடு ஆவியைக் கக்கியது. நல்லவேளை, எல்லாரும் இந்தப் பக்கம் பூஜைத் தட்டைச் சுற்றி நின்றார்கள். சுண்டல் பறந்தது. நிமல் மேசைக்கு அடியில் புகுந்தான். ரூபிணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் என்னென்னவோ செய்தும் முடியாததை இந்த மனிதர் பக்தியோடு முடித்துவிட்டார்.

இரைச்சல் அடங்கியதும் நிமல் சட்டையைத் தட்டிக்கொண்டு, இது மனிதத் தவறு, திரையில் பொட்டு வைக்கக் கூடாது என்று போர்டு மாட்டினால் போதும் என்றான். ஐயாவு கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேலை போய்விடுமா என்று கேட்டார்.

"உங்க வேல ஏண்ணே போவுது? வருசா வருசம் செய்றதத்தான் செஞ்சீங்க. அது தெரியாம கட்டினது நாங்க," என்றாள் ரூபிணி. பிறகு நிமலைப் பார்த்து, "போர்டு மாட்டுனா அதுக்கும் பொட்டு வைப்பாங்க லா. பட்டன மாத்து."

கம்பெனி முதலாளி போனில் கத்தினார். அவள் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை ஆலை ஓடவில்லை, ஒருத்தரும் வேகவுமில்லை.