வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்கு நாக்கு தேடிய கதை

பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற வேலை இருக்கிறதே, அதில் சம்பளத்தைவிட அபிப்பிராயம்தான் தாராளமாகக் கிடைக்கும். அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்தின் முன்னால் நின்று புகையில் கண் எரிந்தவர்களுக்கும், வீட்டில் நோன்போடு ஆணம் வைத்துவிட்டு "உப்பு எப்படியோ" என்று நெஞ்சு பதறியவர்களுக்கும் நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நொந்தவர்கள் நாம் ஒன்றாக இருந்து சிரித்தால்தான் மனம் ஆறும்.

உப்பளம்

எங்கள் ஊர் நுரைச்சோலையிலிருந்து கண்டக்குழிக்குப் போகிற வழியில் இருக்கிறது. பள்ளியில் சமைத்த பழைய கோக்கியார் முழங்கால் வலியால் அகப்பையைக் கீழே வைத்ததும் பள்ளி நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது. மன்னார்ப் பக்கத்திலிருந்து தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்து இங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. வந்தவர்களில் ஒருவனை நம்பி ஊர்ப் பள்ளியின் கிடாரத்தைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண வீடுகளில் பிரியாணி போட்டுப் பேர் எடுத்தவன்தான் நான். ஆனால் கல்யாணச் சமையலில் உப்புப் பார்க்கலாம். நோன்பு பிடித்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பினால் குற்றமில்லை என்றார் மௌலவி. விடியலிலிருந்து வறண்டு கிடக்கும் என் தொண்டையை நான் அந்த அளவுக்கு நம்புவதில்லை. நோன்பில்லாத சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். "சீனி போடல்லையா?" என்று கேட்டார்கள்.

ஆகவே முதல் நாள் கண்மதிப்பில் போட்டேன். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு வாளியும் தூக்குச் சட்டியுமாக வந்து வாங்கிப்போன ஊர், நோன்பு திறந்த கையோடு தீர்ப்பைக் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னார்: "கஞ்சி நல்லம் தம்பி. புத்தளத்து உப்பளத்துல மிச்சம் ஏதும் வச்சீங்களா, இல்ல முழுக்க இதுக்குள்ளதானா?"

புதிய உத்தியோகம்

மறுநாள் எனக்கு விமோசனம் மோட்டார் சைக்கிளில் வந்தது. கண்டக்குழியிலிருந்து பெட்டி கட்டி மீன் கொண்டுவரும் செபமாலை அண்ணன், விற்று முடித்துத் திரும்புகிற வழியில் பள்ளிக் கஞ்சி ஒரு வாளி வாங்கிப்போவது வருடந்தோறும் நடக்கிற காரியம். நல்ல கத்தோலிக்கர். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் நானா. கடற்காற்றில் வளர்ந்த நாக்கு. அவரிடம் ஒரு சிரட்டை கஞ்சியை நீட்டி, "அண்ணன், உப்புப் பாருங்க" என்றேன். ஒரு வாய் குடித்தார், வானத்தைப் பார்த்தார், "காணாது நானா, இன்னும் ஒரு கை" என்றார். போட்டேன். அன்று வேலிக்கு மேலால் ஒரு தலையும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வராமல் நான் கிடாரத்தை இறக்கியதே இல்லை. அவரும் மீன் விற்காமல் போனாலும் போவார், உப்புப் பார்க்கும் நேரத்தைத் தவறவிடமாட்டார். ஒரு நாள் சிரட்டையைக் கழுவி வைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "கோயில்ல பாதர் கேட்டார், ஒவ்வொரு நாளும் பள்ளியில உனக்கென்ன வேலை எண்டு. உப்புப் பார்க்கிற உத்தியோகம் பாதர் எண்டன்."

தண்ணியா, தடிப்பா

எங்கள் குடியேற்றத்து ஆட்களுக்குக் கஞ்சி குடிக்கிற பதத்தில் இருக்கவேண்டும். ஊர் ஆட்களுக்குக் கரண்டி நிமிர்ந்து நிற்கவேண்டும். கிடாரம் ஒன்று, ஊர் இரண்டு. நாலைந்து நாட்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று நான் வெந்ததுதான் மிச்சம்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். குடியேற்றம் தூரத்தில் இருப்பதால் எங்கள் ஆட்கள் அஸர் முடிந்த உடனேயே வந்து வாங்கிப்போவார்கள். ஊர் ஆட்களுக்குப் பள்ளி பக்கத்தில். அவர்கள் ஆறுதலாக வருவார்கள். கஞ்சியோ, தேங்காய்ப்பால் விட்டு இறக்கிய பிறகு நேரம் போகப் போகத் தானாக இறுகும். ஆகவே முதலில் கொஞ்சம் இளக்கமாக இறக்கிவிட்டு, நான் பாட்டுக்கு இருந்தேன். முன்னுக்கு வந்தவர்களுக்குத் தண்ணி, பின்னுக்கு வந்தவர்களுக்குத் தடிப்பு. இரண்டு பக்கமும் தங்கள் பக்கம் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டது. இது என் கெட்டித்தனம் என்று நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பள்ளி நிர்வாகத்து மரைக்கார் மட்டும் இரண்டு நேரமும் வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "நீங்க கஞ்சி காய்ச்சுற ஆளில்ல தம்பி, எலெக்சன் கேக்கிற ஆள்."

நாக்கு இல்லாத நாள்

முதல் வெள்ளிக்கிழமை. வழக்கம்போலச் சிரட்டையை நீட்டினேன். செபமாலை அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இந்தச் சில வருடங்களாக எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வருகின்றன. தவக்காலத்து வெள்ளியில் அவர் இறைச்சி தொடமாட்டார். என் கஞ்சியிலோ எலும்பும் இறைச்சியும் உருகிக் கிடக்கிறது.

சிரட்டையோடு ரோட்டுக்கு ஓடினேன். பள்ளிக்கு எதிரே டயர்க் கடை வைத்திருக்கும் கனகு, யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்தவர். நோன்பும் இல்லை, தவக்காலமும் இல்லை. தப்பினேன் என்று நினைத்தேன். சிரட்டையைக் கண்டதும் அவர் நெற்றியிலிருந்த திருநீற்றைத் தொட்டுக் காட்டினார். "நானா, நேற்று வந்திருந்தா கிடாரத்தோட குடிச்சிருப்பன். இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ, மச்சம் மாமிசம் தொடன்!"

ஹாஜியாரின் வெள்ளி

ஒவ்வொரு நாள் கஞ்சியும் ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு. நோன்பின் கடைசி வெள்ளியில் வரும் ஜும்ஆக் கஞ்சி முந்தலில் இறால் பண்ணை வைத்திருக்கும் ஹாஜியாருடையது. வருடந்தோறும் அவர் டவுனிலிருந்து தன் சொந்தக் கோக்கியைக் கூட்டிவருவார். இந்த வருடம் பள்ளிக்கு ஒரு கோக்கிதான் என்று மரைக்கார் சொல்லிவிட்டார். ஹாஜியார் ஆட்டிறைச்சியை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ட பேர்ல போற கஞ்சி. பிழைச்சா அடுத்த வருசம் இந்த அகப்பை டவுன் ஆள்ட கையிலதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. கண்மதிப்பில் போட்ட போன வெள்ளிகளில் ஒரு நாள் சப்பென்றும் ஒரு நாள் கரித்தும் போயிருந்தது. அகப்பை போனால் என்னோடு போகாது. குடியேற்றத்து ஆட்களை நம்பிக் கொடுத்தோம், கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு எங்கள் எல்லோர் தலையிலும் விழும்.

யோசித்தேன். கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அரிசி, உள்ளி, வெந்தயம், ரம்பை, தேங்காய்ப்பால் மட்டும் போட்டுக் காய்ச்சினேன். இறைச்சியை வேறு சட்டியில் வேகவைத்தேன். கலக்குவதற்கு முன்னால் இரண்டு நாக்கையும் கூப்பிட்டு, புதுச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். செபமாலை அண்ணன், "காணாது" என்றார். கனகு, "அளவாக் கிடக்கு, ஒண்டும் போடாதேங்கோ" என்றார். கருவாடு தின்கிற வாய்க்கு எல்லாமே சப்புத்தான் என்று கனகு சொல்ல, பருப்புத் தின்கிற வாய்க்கு என்ன தெரியும் என்று செபமாலை அண்ணன் சொல்ல, கஞ்சிக் கொட்டிலில் பெரிய வழக்கு. இறைச்சிச் சட்டியில் உப்பு இருந்தது எனக்குத் தெரியும். அது கலந்தால் ஏறும். பிஸ்மி சொல்லி, அரைக் கை போட்டேன். இரண்டு பேருக்கும் இறைச்சி சேராத கஞ்சி ஒவ்வொரு வாளி எடுத்து வைத்துவிட்டு, இறைச்சியைக் கொட்டிக் கலக்கினேன்.

பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, கோப்பையை எடுத்தார். நான் கொட்டில் வாசலில் நின்றேன். என் வாயில் வைத்த பேரீச்சம்பழம் அப்படியே இருந்தது. அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு முழுக் கோப்பையையும் குடித்தார். கோப்பையை மறுபடி நீட்டினார். எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்ல அடுப்பும் அணைந்திருந்தது.

தொழுகை முடிந்து அவர் நேரே கொட்டிலுக்கு வந்தார். "நோன்போட இவ்வளவு கணக்கா எப்பிடிப் போட்டீங்க?" என்று கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. மீன் விற்கிறவரையும் டயர்க் கடைக்காரரையும் சொன்னேன். முகம் மாறுமோ என்று பார்த்தேன். ஹாஜியார் தாடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "அடுத்த வருசமும் என்ட வெள்ளி உங்கட கையிலதான். அதுவரைக்கும் அந்த ரெண்டு பேரையும் ஊரை விட்டுப் போக விட்டுடாதீங்க!"

அன்று கிடாரத்தை ஆட்கள் வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே இன்றுவரை ஊரே புகழ்கிற அந்தக் கஞ்சியின் ருசி தெரியாத ஒரே ஆள், அதைக் காய்ச்சிய நான்தான்.