துணைக்கு ஒரு சிகரெட்

போன வாரம் முத்தாண்டிக்குப்பத்தில் யாரோ பலாப்பழத்தோடு பஸ் ஏறினார்கள். நான் முன் சீட்டில். பழம் கடைசிப் படிக்கட்டில். திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. வருஷக்கணக்கில் சிகரெட் பிடித்து நான் லீவில் அனுப்பியிருந்த மூக்கு, இப்போது ஓவர்டைம் பார்க்கிறது. சிரிப்பு வந்தது. கூடவே செல்வராசு ஞாபகமும் வந்து, நெய்வேலி வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செல்வராசுவும் நானும் மைன்ஸில் ஒரே ஷிப்ட், ஒரே பிளாக்கில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸ். ஷிப்ட் முடிந்தால் சைக்கிள் தானாகவே பெட்டிக்கடையில் போய் நிற்கும். கடைத் தூணில் நுனியில் நெருப்போடு ஒரு கயிறு எந்நேரமும் தொங்கும், சிகரெட் பற்றவைக்க. இருமல் வந்தால் கரித்தூசி மேல் பழியைப் போட்டுவிடுவோம். அந்தத் தூசி எங்களுக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

மெடிக்கல் செக்கப்பில் டாக்டர் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துத் திட்டிய அன்றே சிகரெட்டை விட்டோம். பத்தாம் நாள் செல்வராசு ஒரு பலாச்சுளையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "டேய், வாசனை தெரியுதுடா! இத்தினி நாளா சும்மா மென்னுகினு இருந்திருக்கேன்" என்று கண் கலங்கினான். அதற்குள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் ரகசிய சிகரெட் வாழ்க்கை ஆரம்பமாகியிருந்தது.

பதினேழாவது நாள் அவனுக்கு இருமல் பிடித்தது. சிகரெட் பிடித்தபோது இல்லாத சளி, விட்ட பிறகு கட்டி கட்டியாக வந்தது. அவன் மனைவி மல்லிகா பயந்துபோய், "அண்ணே, விட்டதுலேர்ந்துதான் இப்படி. என்னன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். கடைக்குக் கூட்டிப்போய், "உடம்புக்குப் பழகிடுச்சுடா. ஒண்ணு இழு, சளி கலைஞ்சிடும்" என்றேன். எனக்கு என்ன வைத்தியம் தெரியும்? தனியாக ஒளிந்து பிடிப்பது அலுத்துவிட்டது, துணைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நானே பற்றவைத்துக் கொடுத்தேன். நாலைந்து நாளில் இருமல் அடங்கியது. "நல்லவேள சொன்னடா" என்று நன்றி வேறு சொன்னான். அதன் பிறகு அவன் விடவே இல்லை.

பல வருஷம் கழித்து, நுரையீரல் கெட்டு, கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை உட்காரும் நிலைக்கு அவன் வந்தான். அதைப் பார்த்துப் பயந்துதான் நான் நிஜமாகவே விட்டேன். எனக்கும் அதே இருமல், அதே சளி. டாக்டரிடம் ஓடினேன். "பயப்படாதீங்க. நுரையீரல் அழுக்க வெளிய தள்ளுது. கொஞ்ச நாள்ல நின்னுடும்" என்றார். ஒரு மாதத்தில் நின்றது.

செல்வராசு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள் ஸ்டாண்டையும் சேர்த்துத்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டான்.

"உனக்கு... நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுடா."

"அப்ப... எனக்கும் நின்னிருக்கும், இல்ல?"

மல்லிகா காபியோடு வந்தார். பேச்சை மாற்றிவிட்டான். அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது பெட்டிக்கடை இல்லை. மல்லிகா குவார்ட்டர்ஸைக் காலிசெய்து குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டார். எங்கள் பிளாக்கில் பாதி வீடுகளுக்குக் கதவே கிடையாது. அதற்கெல்லாம் மனசு பழகிவிட்டது. நான் உண்மையைச் சொன்ன அந்த வருஷ மழைக்காலத்தைச் செல்வராசு தாண்டவில்லை. இன்றைக்காவது திட்டுவான் என்று தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை திட்டாமலே போய்ச் சேர்ந்தான்.